தாப்பாவும் தாப்பாளும்: வாசகர் கேள்விக்கு செவியா அக்கா பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துக் கடைசியில ஒரு வரி போட்டிருந்தேன், ஸ்பெயின் சாப்பாடு சம்பந்தமா சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு. எழுதியிருக்கீங்க, கொட்டித் தள்ளியிருக்கீங்க, அதுல முக்கால்வாசி தபாஸ் பார் பத்தித்தான். நான் செவியாவுல (இங்கிலீஷ்ல செவில்னு சொல்ற ஊரு) மக்கரேனா பக்கம் ஒம்போது வருஷமா இருக்கேன், வீட்டுக்குக் கீழயே ஒரு சின்ன பார், நாலு மேசை, ஒரு மரக் கவுண்டர், முன்னாடி கடைக்காரர், உள்ள அடுப்படியில அவர் சம்சாரம், அவ்ளோதான் கடை. எனக்குத் தெரிஞ்சதுல பாதி அந்தக் கவுண்டர்ல சாஞ்சு நின்னு கத்துக்கிட்டது, மீதி பாதி அசிங்கப்பட்டுக் கத்துக்கிட்டது. ரெண்டையும் சொல்றேன்.

அக்கா, அடுத்த மாசம் மாட்ரிட் போறோம், கல்யாணம் ஆகி முதல் ட்ரிப். எல்லாரும் தபாஸ் தபாஸ்னு சொல்றாங்களே, அது ஒரு ஐட்டம் பேரா இல்ல கடை பேரா? (புது மாப்பிள்ளை ஒருத்தர்)

ரெண்டும் இல்ல தம்பி, அது ஒரு அளவு. ஒண்ணுன்னா தாப்பா, நிறைய இருந்தா தாப்பாஸ். வாயில "தப்பா"ன்னு வந்தாலும் கடைக்காரருக்குப் புரிஞ்சிடும், கவலைப்படாதீங்க. ஸ்பானிஷ்ல தாப்பான்னா மூடி. நம்ம தாப்பாள் ஞாபகம் வருதில்ல? ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, நம்மளது தாழ்ப்பாள் தேஞ்சு வந்தது, ஆனா ரெண்டுமே மூடுற சாமான்ங்கறதால நான் அப்படித்தான் மனசுல வெச்சுக்கிட்டேன். ஒயின் கிளாஸ்ல ஈ விழாம இருக்க மேல ஒரு துண்டு ரொட்டியோ ஹமோனோ (உப்புல காயவெச்ச பன்னித் தொடை) வெச்சு மூடிக் குடுத்தாங்க, அதுலேர்ந்து வந்த பேருன்னு ஒரு கதை. ராஜா பதிமூணாம் அல்போன்சோ காதிஸ் கடற்கரையில ஒரு சத்திரத்துல ஷெர்ரி ஒயின் கேட்டாராம், காத்துல மணல் பறந்ததால வெயிட்டர் ஹமோன் துண்டை வெச்சு மூடிக் குடுத்தாராம், ராஜா அதைச் சாப்பிட்டுட்டு "அடுத்த கிளாஸும் மூடியோடயே கொண்டா"ன்னாராம். இதையே அறுநூறு வருஷம் முன்னாடி இருந்த பத்தாம் அல்போன்சோ பேர்ல வேற மாதிரி சொல்றவங்களும் உண்டு. கதைன்னு கேட்டுக்கங்க, வரலாறுன்னு பரீட்சையில எழுதிடாதீங்க.

உங்களுக்கு வேண்டிய விஷயம் வேற. மெனு போர்டுல ஒரே ஐட்டத்துக்கு எதிர்க்க மூணு விலை போட்டிருக்கும். தாப்பான்னா குட்டித் தட்டு, ஒருத்தருக்கு நாலஞ்சு வாய். மேதியா ராசியோன்னா பாதித் தட்டு, ரெண்டு பேருக்கு. ராசியோன்னா முழுத் தட்டு, மூணு நாலு பேர் நடுவுல வெச்சு எடுத்துக்கறது. எல்லா ஊர்லயும் மூணும் கிடைக்காது. செவியாவுல தாப்பா அளவு தாராளமா கிடைக்கும், மாட்ரிட்ல நிறைய கடையில மேதியாவும் ராசியோனும் மட்டும்தான் இருக்கும். இந்த மூணு வார்த்தை தெரியலன்னா என்ன ஆகும்னு அடுத்த கடிதத்துலயே வருது பாருங்க.

நாங்க நாலு பேர் ஃப்ரெண்ட்ஸ், மாட்ரிட்ல ஒரு சின்ன தபாஸ் கடையில வெளில டேபிள் போட்டு உக்காந்து, சின்னச் சின்ன ஐட்டம்தானேன்னு பதினொண்ணு ஒரே மூச்சுல ஆர்டர் பண்ணோம். எல்லாம் ஒண்ணா வந்து டேபிள்ல இடமில்ல, பாதி ஆறிப்போச்சு, மிச்சம் வெச்சுட்டு வந்தோம், பில் 96 யூரோ. எங்கள ஏமாத்திட்டாங்களா அக்கா? (வயித்தெரிச்சலோட ஒரு வாசகர்)

ஏமாத்தல தம்பி. பில் போட்டோவ நீங்க அனுப்பினதப் பாத்தேன், பதினொண்ணுல ஒம்போது ராசியோன். ஒருத்தருக்கு 24 யூரோ ஆகுது, அந்தச் சாப்பாட்டுக்கு அது அநியாயம் இல்ல. வெளில உக்காந்தா தெர்ராசான்னு சொல்லுவாங்க, நிறைய கடையில அங்க விலை கொஞ்சம் கூட இருக்கும், போர்டுலயே பார்ரா இவ்ளோ தெர்ராசா இவ்ளோன்னு தனித்தனியா எழுதியிருப்பாங்க. பார்ரான்னா கவுண்டர். வரி தனியா ஏத்தமாட்டாங்க, ஹோட்டல் சாப்பாட்டுக்கு இங்க 10 சதவீதம், அது போர்டு விலைக்குள்ளயே அடக்கம்.

ஆனா உங்க கடிதத்துல எனக்கு மனசு கஷ்டமா இருந்தது பில்லு இல்ல, அந்த "ஒரே மூச்சுல". தபாஸ் சாப்பாட்ட முழுசா கெடுக்கறதுக்கு ஒரு வழி இருக்குன்னா அது இதுதான். இது டின்னர் கிடையாது, ஒரு நடை. வீட்டுக்குக் கீழ இருக்கற என் கடைக்கு வர்றவங்களப் பாருங்க, உள்ள வருவாங்க, கவுண்டர்ல ஒரு முழங்கை வைக்க இடம் புடிப்பாங்க, ஒரு கான்யா சொல்லுவாங்க, அதாவது சின்ன கிளாஸ் டிராஃப்ட் பீர், 200 மில்லி சுத்துவட்டம், அது சூடாகறதுக்குள்ள குடிச்சிடணும்ங்கறதுக்காகத்தான் அவ்ளோ சின்னது. கூட ஒரே ஒரு தாப்பா. அதச் சாப்பிட்டு முடிச்சு, பேசி, பக்கத்துல நிக்கறவர் என்ன சாப்பிடறாருன்னு எட்டிப் பாத்து, அப்புறம்தான் அடுத்தது. இல்லன்னா காசக் குடுத்துட்டு எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க. ஒரு ராத்திரிக்கு மூணு கடை நாலு கடை. இதுக்குன்னே ஒரு சொல் இருக்கு, தாப்பேயோன்னு.

ஏன் அப்படின்னா சின்னக் கடையில அடுப்படி கைக்குட்ட சைஸ்ல இருக்கும், ஒரு ஆள் ரெண்டு அடுப்பு ஒரு எண்ணெய்ச் சட்டி. ஒவ்வொண்ணா கேட்டா ஒவ்வொண்ணும் அடுப்புலேர்ந்து நேரா உங்க கைக்கு வரும். பதினொண்ணு ஒண்ணா சொன்னா அந்த அம்மா என்ன பண்ணுவாங்க, கையில ஆனத எல்லாம் முடிச்சு அனுப்புவாங்க, காம்பாஸ் அல் அஹீயோ வர்றப்ப க்ரோகேத்தா, அதாவது பால்ல மாவு கிளறி உருட்டிப் பொரிச்சது, ஆறியிருக்கும். இந்த காம்பாஸ்ங்கறது பூண்டு போட்டு ஆலிவ் எண்ணெயில கொதிக்கக் கொதிக்க மண் சட்டியிலயே வர்ற இறால், மேசைக்கு வந்தும் அரை நிமிஷம் சலசலன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். அந்த அரை நிமிஷம் போச்சுன்னா அது வெறும் எண்ணெயில ஊறின இறால். இறால் முடிஞ்சதும் ரொட்டியப் பிச்சு அந்தப் பூண்டு எண்ணெயில தொட்டுச் சாப்பிடறதுதான் பாதி சுகம், நீங்க அந்தச் சட்டிய அப்படியே விட்டுட்டு வந்திருப்பீங்க, எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, சின்னக் கடைன்னா அதுக்குன்னு ஒரே ஒரு ஐட்டம் இருக்கும், அதுக்காகத்தான் தெருவே அங்க போகும். லொக்ரோன்யோவுல காயே லவுரெல்னு ஒரு சந்து, அங்க ஒரு கடையில காளான மட்டும் வாட்டித் தருவாங்க, மூணு காளான் ஒண்ணு மேல ஒண்ணு, மேல ஒரு குட்டி இறால், கீழ ரொட்டி, நடுவுல ஒரு குச்சி. அங்க போய் மெனு கேட்டா ஒரு மாதிரிதான் பாப்பாங்க. அதனால பெரிய மெனுவப் படிக்காதீங்க, கவுண்டர்ல நிக்கற ஊர்க்காரங்க தட்ட படிங்க.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பசியோட போனா கிச்சன் மூடிட்டோம்ங்கறாங்க, என்ன ஊருங்க இது? (மாணவி, பார்சிலோனா)

மூடல கண்ணு, இன்னும் திறக்கல. மதியம் ஒண்ணுலேர்ந்து நாலு, ராத்திரி எட்டரை ஒம்போதுக்கு மேல. நடுவுல அடுப்பு கிடையாது, ஆலிவ், சீஸ், காலைல போட்ட தோர்த்தீயா (உருளைக்கிழங்கு போட்ட தடி ஆம்லெட்) இப்படி ஆறினது மட்டும்தான் கிடைக்கும். சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, அதுல பாதி கடிகாரம் பண்ற வேல. லண்டன் கிரீன்விச் கோடு ஸ்பெயினுக்குள்ளதான் இறங்குது, நியாயமா இவங்க லண்டன் நேரத்துல இருக்கணும், ஆனா 1940 மார்ச்ல சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சி முள்ள ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி ஜெர்மனி நேரத்துக்கு மாத்துச்சு, அப்புறம் யாரும் திருப்பி வைக்கவே இல்ல. ஜூன் மாசம் மாட்ரிட்ல சூரியன் மறையவே ஒம்போதே முக்கால் ஆகுது. வெளில வெயில் அடிக்கறப்ப யாருக்கு ராச்சாப்பாடு இறங்கும்? பசி தாங்காதுன்னா மதியம் ஒரு மணிக்கே தபாஸ் முடிச்சுக்கங்க, ஞாயித்துக்கிழம அது ரொம்ப நல்ல நேரம், வெர்முத்ங்கற மூலிகை ஒயின் குடிக்கற நேரம்னு குடும்பம் குடும்பமா வருவாங்க. ஆகஸ்ட்ல மட்டும் பாத்துப் போங்க, பேட்டைக் கடைங்க பாதிக்கு மேல லீவு போர்டு தொங்கும்.

எனக்கு 63 வயசு. மகன் அங்க வேலையில இருக்கான், வரச் சொல்றான். சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டேன். அந்த மாதிரிக் கடையில எனக்கு ஏதாவது கிடைக்குமா, இல்ல வெறும் ரொட்டியத்தான் மெல்லணுமா? (ஒரு அம்மா)

கிடைக்கும்மா, ஆனா கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிடணும், நம்பி வாயில போட்டுடாதீங்க. இங்க ஒரு விசித்திரம், "இறைச்சி வேண்டாம்"னு சொன்னா சில பழைய கடைக்காரங்க மனசுல ஹமோன் அந்தக் கணக்குல வராது, அது பன்னித் தொடைய உப்புல போட்டுக் காய வெச்சது, ஆனா அவங்களுக்கு அது ஏதோ கறிவேப்பிலை தூவற மாதிரி, எதுமேலயும் தூவிடுவாங்க. சால்மொரேஹோன்னு கோர்தோபா பக்கத்து ஐட்டம், தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரச்சுக் குளிரக் குளிர கெட்டியா இருக்கும், கேக்கவே உங்களுக்குன்னு பண்ணதுமாதிரி இருக்கில்ல? மேல ஹமோன் துண்டும் அவிச்ச முட்டையும் போட்டுத்தான் வரும். ஆலிவ் பாதுகாப்புன்னு நினைப்பீங்க, சில ஆலிவ் நடுவுல நெத்திலி மாதிரி மீன் அடச்சு வெச்சிருப்பாங்க. எல்லாத்துக்கும் மேல பொகாதீயோ வெஹெதால்னு ஒரு சாண்ட்விச், பேரே "காய்கறி சாண்ட்விச்", உள்ள சூரை மீனும் முட்டையும் இருக்கும். நான் சிரிக்கல, நெசமாத்தான்.

அதனால மகன்கிட்ட இந்த நாலு வார்த்தைய எழுதி வாங்கி வெச்சுக்கங்க: சின் ஹமோன், சின் அத்தூன், சின் உவேவோ, சின் கால்தோ. "சின்"னு சொன்னா இல்லாம. ஹமோன் இல்லாம, சூரை இல்லாம, முட்டை இல்லாம, எலும்பு வேகவெச்ச சாறு இல்லாம. கடைசியா சொன்னது பிராவாஸுக்கு, அதாவது பொரிச்ச உருளைக்கிழங்கு மேல காரச் சாஸ் ஊத்தினது, மாட்ரிட் பக்கம் அந்தச் சாஸ சாறு விட்டுக் காய்ச்சற கடை உண்டு. பார்சிலோனாவுல கூடவே வெள்ளையா பூண்டு சாஸ் ஊத்துவாங்க, அதுல பெரும்பாலும் முட்டை இருக்கும், வேண்டாம்னுடுங்க.

இப்ப உங்களுக்கு நிம்மதியா என்ன இருக்குன்னா, செவியா வந்தீங்கன்னா எஸ்பினாகாஸ் கோன் கார்பான்சோஸ். கீரையும் கொண்டைக்கடலையும். கீழ் வீட்டுக் கடையில அந்த அம்மா பண்றத நான் எத்தனையோ தடவ பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், ஆலிவ் எண்ணெயில பூண்டையும் ரெண்டு துண்டு ரொட்டியையும் செவக்க வறுத்து எடுத்து, உரல்ல போட்டு சீரகம், புகைபோட்ட மிளகாத்தூள், கொஞ்சம் வினிகர் விட்டு இடிப்பாங்க, அந்த விழுதுதான் கீரைய சேத்துப் புடிக்கும். சட்டியத் திறந்தா சீரக வாசன முதல்ல வரும், முதல் தடவ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதே மாதிரி கோர்தோபா, மலகா பக்கம் கத்திரிக்காய மெல்லிசா சீவிப் பொரிச்சு மேல கரும்புப் பாகு ஊத்தித் தருவாங்க, கேட்டா வினோதமா இருக்கும், சாப்பிட்டா தட்டு காலி. பார்சிலோனா பக்கம்னா ரொட்டி மேல தக்காளியத் தேச்சு உப்பு எண்ணெய் போட்டது. அப்புறம் பாத்ரோன் மிளகாய், குட்டிக் குட்டிப் பச்ச மிளகாய முழுசா எண்ணெயில வதக்கிக் கல்லுப்பு போட்டது, பத்துல ஒண்ணு காரமா இருக்கும், எதுன்னு கடிச்சாத்தான் தெரியும், கலீசியாக்காரங்க இதுக்கு ஒரு பழமொழியே வெச்சிருக்காங்க, "சிலது உறைக்கும், சிலது உறைக்காது"ன்னு. உங்களுக்கு அந்தக் காரம் ஒண்ணும் பண்ணாது. எண்ணெய்ச் சட்டி மட்டும் பெரும்பாலும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், மீன் பொரிச்ச அதே எண்ணெயிலதான் கத்திரிக்காயும். அது மனசுக்கு ஒப்பாதுன்னா பொரிச்சத விட்டுடுங்க. சீஸ்லயும் நிறையத்துல ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற உறை சேக்கறாங்க, இதையும் சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

நாங்க பன்னி சாப்பிடமாட்டோம், மதுவும் கிடையாது. எதத் தொடலாம்? (வாசகர் ஒருவர், குடும்பத்தோட வலென்சியா போறாராம்)

பாய், கடல் பக்கம் சாயுங்க. பொரிச்ச நெத்திலி, கணவாய், வினிகர்லயும் சீரகத்துலயும் ஊறப்போட்டுப் பொரிச்ச சுறா, கலீசியா ஸ்டைல் ஆக்டோபஸ், இறால், இதெல்லாம் இருக்கு. இறைச்சி ஐட்டம் வேண்டாம், கன்னு மாட்டுக் கறின்னு சொன்னாலும் ஒயின்ல வேகவெச்சதா இருக்கும், விஸ்கி சாஸ்னே ஒரு ஐட்டம் செவியாவுல பிரசித்தம். க்ரோகேத்தா வெளில பாக்க அப்பாவியா இருக்கும், உள்ள ஹமோன். மந்தேகான்னு எழுதியிருந்தா பன்னிக் கொழுப்பு. சந்தேகமா இருந்தா "யேவா செர்தோ?"ன்னு கேளுங்க, பன்னி இருக்கான்னு அர்த்தம். பொரிக்கற எண்ணெய் பத்தி மேல அந்த அம்மாவுக்குச் சொன்னது உங்களுக்கும்தான், க்ரோகேத்தாவும் அதே சட்டியில இறங்கியிருக்கலாம், ஒரு வார்த்த கேட்டுடுங்க.

உங்க பொண்ணுக்கு நிலக்கடலை அலர்ஜின்னு எழுதியிருந்தீங்க, அதுக்குத் தயங்கவே வேண்டாம், ஐரோப்பிய சட்டப்படி 14 அலர்ஜிப் பொருள் எதுல இருக்குன்னு கேட்டா கடை சொல்லியே ஆகணும், எவ்ளோ சின்னக் கடையா இருந்தாலும். "அலெர்ஹெனோஸ்"னு சொன்னா ஃபைல எடுத்து நீட்டுவாங்க.

தண்ணி அடிக்காதவங்க "பார்"க்குப் போகலாமா? எங்க அப்பா பேரக் கேட்டே முகம் சுளிக்கறார். குழந்தை வேற இருக்கு. (வாசகி)

அப்பாகிட்ட சொல்லுங்க, பார்ங்கற சொல்லு ஒண்ணுதான், கடை வேற. என் கடையில காலைல ஏழரைக்கு காப்பியும் டோஸ்ட்டும், பதினோரு மணிக்கு பென்ஷன் வாங்கற பெரியவங்க பேப்பர் படிக்கறது, மதியம் சாப்பாடு, சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற பசங்க கோலா, ராத்திரி தபாஸ், எல்லாம் ஒரே கவுண்டர். ராத்திரி பத்தரைக்கு தள்ளுவண்டியில குழந்தை தூங்கிட்டிருக்கும், பக்கத்துல பாட்டி ஷெர்ரி குடிச்சிட்டிருப்பாங்க, யாரும் யாரையும் ஒரு மாதிரி பாக்கமாட்டாங்க. உள்ள புகையும் கிடையாது, 2011 ஜனவரி 2லேர்ந்து மூடின இடத்துல சிகரெட் தடை. 18 வயசுக்குக் கீழ மது குடுக்கக்கூடாது.

குடிக்காதவங்களுக்கு மோஸ்தோன்னு ஒண்ணு இருக்கு, புளிக்காத திராட்சைச் சாறு, ஒயின் கிளாஸ்ல ஐஸும் ஆரஞ்சுத் துண்டும் போட்டுத் தருவாங்க, பாக்க கெத்தா இருக்கும். தண்ணிக்குக் காசு குடுக்காதீங்க, 2022ல வந்த சட்டப்படி குழாய்த் தண்ணி கேட்டா இலவசமா குடுத்தே ஆகணும், "அக்வா தெல் க்ரீஃபோ"ன்னு தெளிவா சொல்லணும், வெறும் அக்வான்னா பாட்டில் வந்துடும்.

இதுல என் கதை ஒண்ணு. செவியாவுல மன்சனீயான்னு கேட்டா சான்லூகர் ஊரு ஷெர்ரி வரும், பச்சத்தண்ணி நிறத்துல, ஜில்லுன்னு, உப்புக் காத்து மாதிரி ஒரு வாடை, 15 சதவீதம் ஆல்கஹால். அந்தப் பழக்கத்துல மாட்ரிட்ல ஒரு கடையில பந்தாவா "ஒரு மன்சனீயா"ன்னேன், ஆவி பறக்க ஒரு கப்பும் சாசரும் வந்துச்சு, உள்ள டீ பேக். சாமந்தி மாதிரி ஒரு பூ, அதப் போட்ட கஷாயத்துக்கும் அதே பேருதான், வயிறு சரியில்லன்னா குடிக்கறது. பத்தாததுக்கு ஒரு ஆலிவ் வகைக்கும் அதே பேரு. நானும் மானத்தோட அந்தக் கஷாயத்தையே குடிச்சுக்கிட்டு பொரிச்ச மீன் சாப்பிட்டேன், கூட வந்தவங்க இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாங்க.

தாப்பா ஓசின்னு ஒரு வீடியோவுல சொன்னான், பில்ல பாத்தா எல்லாத்துக்கும் காசு! (கடுப்பான வாசகர்)

வீடியோ எடுத்தவர் கிரானடாவுல இருந்திருப்பார், நீங்க எங்க இருந்தீங்க? கிரானடா, அல்மெரியா, ஹயேன், லெயோன், இந்த ஊர்கள்ல ஒரு டிரிங்க் வாங்கினா ஒரு தாப்பா கூடவே வரும், காசு இல்ல. கிரானடாவுல அது நீங்க கேக்கறது இல்ல, அவங்க குடுக்கறது, முதல் ரவுண்டுக்கு ஒண்ணு, ரெண்டாவதுக்கு வேற ஒண்ணு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் மாறிக்கிட்டே போகும். அல்மெரியாவுல நிறைய கடையில நீங்களே லிஸ்ட்லேர்ந்து எடுத்துக்கலாம். செவியா, பார்சிலோனா, பாஸ்க் நாட்டுப் பக்கமெல்லாம் காசுதான். மாட்ரிட் நடுவுல, நாலு ஆலிவோ கொஞ்சம் சிப்ஸோ வைப்பாங்க, அத தாப்பான்னு நினைச்சு ஏமாறவேண்டாம், அது சும்மா ஒரு மரியாதைக்கு.

சான் செபாஸ்தியான்ல கவுண்டர் பூரா குச்சி குத்தி வெச்சிருக்காங்களே, எடுத்துச் சாப்பிட்டுட்டே இருந்தா கணக்கு எப்படி? (வாசகர்)

அது பின்சோ, தாப்பான்னு சொல்லிடாதீங்க அங்க. தட்டு கேட்டு வாங்கி எடுத்து, கடைசியில என்னென்ன சாப்பிட்டேன்னு நீங்களே சொல்லிக் காசு குடுக்கணும், சில கடையில குச்சிய எண்ணுவாங்க. குச்சிய பாக்கெட்ல போட்டுட்டு வர்ற ஐடியா வேண்டாம், நீங்க எழுதியிருந்த தோரணைய பாத்துத்தான் சொல்றேன். அந்தக் குச்சிப் பின்சோவுக்கெல்லாம் பாட்டி யாருன்னா ஹில்தா, ஒரு ஆலிவ், ரெண்டு மூணு ஊறுகாய் மிளகாய், ஒரு உப்பு நெத்திலி, மூணையும் ஒரே குச்சியில குத்தினது. 1946ல வந்த ரீட்டா ஹேவொர்த் படத்துப் பேரு அது, அந்தக் கதாநாயகி மாதிரியே பச்சையா, உப்பா, உறைப்பா இருக்குன்னு வெச்சாங்களாம். ஒரே வாயில போடணும். கவுண்டர்ல பரப்பி வெச்சிருக்கறதுல மயங்கி நின்னுடாதீங்க, நல்ல சரக்கு சுவத்துப் பலகையில எழுதியிருக்கும், சொன்னப்புறம் சூடா பண்ணித் தருவாங்க.

வினிகர்ல ஊறின பச்ச நெத்திலி, அத சாப்பிட்டா புழு வருமாமே?

அந்தப் புழு பேரு அனிசாகிஸ். பயம் நியாயம்தான், வினிகர் அதக் கொல்லாது. ஆனா 2006லேர்ந்து சட்டம் இருக்கு, பச்சையாவோ ஊறவெச்சோ குடுக்கற மீன மைனஸ் 20 டிகிரியில குறைஞ்சது 24 மணி நேரம் உறைய வெச்சிருக்கணும். கடையில சாப்பிடுங்க. மார்க்கெட்ல வாங்கி வீட்ல ஊறப்போடறதா இருந்தா நீங்களும் உறைய வெச்சுட்டுப் பண்ணுங்க.

டிப்ஸ்?

மீதிச் சில்லறைய விட்டுட்டு வாங்க, போதும். வைக்கலன்னாலும் யாரும் முறைக்கமாட்டாங்க.

தரையெல்லாம் டிஷ்யூ பேப்பரும் இறால் தலையும், அந்தக் கடைக்குள்ளயா போகச் சொல்றீங்க? (வாசகி)

குப்ப நிறைய இருந்தா கூட்டம் நிறையன்னு அர்த்தம், பழைய ஆளுங்க அப்படித்தான் கடை தேர்ந்தெடுப்பாங்க. இப்ப ரொம்பக் குறைஞ்சிடுச்சு. பக்கத்துல நிக்கறவங்க போட்டா போடுங்க, தரை சுத்தமா இருந்தா முதல் ஆளா நீங்க ஆரம்பிச்சு வைக்காதீங்க. அந்தப் பேப்பர் எண்ணெய உறிஞ்சாது, கையத் தொடச்சா இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாறும், அவ்ளோதான், ஆறேழு எடுத்தாதான் ஒரு விரல் காயும்.

நல்ல கடைன்னு நாலு பேரு சொல்லுங்களேன், லிஸ்ட் வேணும். (நிறைய பேர்)

பழமை பாக்கணும்னா செவியாவுல எல் ரின்கோன்சீயோ, 1670லேர்ந்து இருக்கறதா சொல்லிக்கறாங்க, உங்க கணக்க எதிர்க்கவே மரக் கவுண்டர்ல சாக்பீஸால எழுதி, காசு குடுத்ததும் துணியால அழிச்சிடுவாங்க. மாட்ரிட் புவெர்த்தா தெல் சோல் பக்கம் காசா லாப்ரா, 1860, காட் மீன் பொரிச்சது, ஸ்பெயின் சோஷலிஸ்ட் கட்சிய 1879ல ரகசியமா கூடி ஆரம்பிச்சது இந்தக் கடையிலதான். பார்சிலோனாவுல லா கோவா ஃபுமாதா, 1944, வெளில பேர்ப்பலகையே கிடையாது, பொம்பான்னு உருளைக்கிழங்கு உருண்டை அங்கதான் பொறந்துச்சு.

ஆனா இந்த மூணுலயும் உங்க முன்னாடி முப்பது டூரிஸ்ட் நிப்பாங்க. லிஸ்ட் தூக்கி ஓரமா வெச்சுட்டு தங்கற இடத்துலேர்ந்து ரெண்டு தெரு உள்ள நடங்க. மெனுவுல பாயெல்லா (ஸ்பெயின் அரிசிச் சாப்பாடு) போட்டோ ஒட்டியிருந்தா வேண்டாம், ஆறு மொழியில மெனு இருந்தா வேண்டாம், வாசல்ல ஆள் நின்னு கூப்பிட்டா கண்டிப்பா வேண்டாம். பலகையில கையால எழுதி, அதுல ரெண்டு அடிச்சிருந்தா உள்ள போங்க, தீந்துபோற அளவுக்குத்தான் பண்றாங்கன்னு அர்த்தம். சோதனைக்கு ஒரு க்ரோகேத்தா வாங்குங்க, அசைவம் சாப்பிடறவங்கன்னா. எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி ஒரே நீளம் ஒரே பருமன்னா ஃப்ரீசர் பாக்கெட். ஒண்ணு குண்டு ஒண்ணு ஒல்லின்னா கையால உருட்டினது, முந்தின நாள் ராத்திரியே பால்ல மாவு கிளறி, ஹமோன் எலும்புகிட்ட மிஞ்சின துணுக்கெல்லாம் அதுல போட்டு, இறுக விட்டு மறுநாள் உருட்டிப் பொரிப்பாங்க. பல்லு பட்டதும் மேல மொறுமொறுன்னு உடஞ்சு உள்ள இருந்து கஞ்சி மாதிரி இறங்கணும், நாக்கு சுடணும். அப்படி இருந்தா அந்தக் கடைய விட்டு நகராதீங்க, தாப்பேயோவாவது ஒண்ணாவது.

கடைசியா ஒண்ணு அக்கா. உருளைக்கிழங்கு தோர்த்தீயாவுல வெங்காயம் போடணுமா போடக்கூடாதா? ஆஃபீஸ்ல ரெண்டு ஸ்பெயின்காரங்க இதுக்கு சண்டையே போட்டுக்கிட்டாங்க. (மாட்ரிட்ல ஐடி வேலையில இருக்கற வாசகர்)

அந்தச் சண்ட நாடு பூரா நடக்குது. வெங்காயக் கட்சி, வெங்காயம் வேண்டாங்கற கட்சி, ரெண்டுக்கும் தனிப் பேரே இருக்கு. கலீசியாவுல பெத்தான்சோஸ்னு ஒரு ஊரு, அங்க வெங்காயம் கிடையாது, முட்டைய பாதிதான் வேகவிடுவாங்க, வெட்டினா தட்டுல ஓடும். நான் வெங்காயக் கட்சி. கீழ இருக்கற கடையில அந்த அம்மாவும் வெங்காயம், கடைக்காரர் எதிர்க்கட்சி, முப்பது வருஷக் கல்யாணத்துல இது மட்டும் தீரல, அதனால தினமும் கவுண்டர்ல கண்ணாடி மூடிக்குள்ள ரெண்டு தோர்த்தீயா பக்கத்துல பக்கத்துல இருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாத்தா ஒண்ணு தீந்திருக்கும், இன்னொண்ணுல ரெண்டு துண்டு மிச்சம். எது தீந்துச்சுன்னு எழுதினா கடைக்காரர் எனக்கு நாளைக்குக் காப்பி தரமாட்டார்.